அட்டைப் பெட்டியும் ஆண்டு மதிப்பெண்ணும்

1935-இல் முர்ரே எமனோ நீலகிரிக்கு வந்தபோது அவருக்கு வயது 31. கனடாவின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியாயிற்று. நிரந்தர வேலைதான் அமையவில்லை. பொருளாதார மந்தம் அந்த நாட்டையே முடக்கிப் போட்டிருந்த காலம். மொழியியலாளர் எட்வர்ட் சபீர் தோடர் மொழியின் பக்கம் கைகாட்டிவிட, எமனோ கப்பலேறினார். 1938 வரை இந்தியாவில் இருந்தார். தோடர், கோத்தர், படகர், குடகர் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினார். நடு இந்தியாவின் கோலாமியும் சேர்ந்துகொண்டது. கருவி என்று பார்த்தால் நோட்டுப் புத்தகம், எழுதுகோல், காது.

அந்த நோட்டுகளிலிருந்து கோத்தர் கதைகள் 1944 முதல் 1946 வரை பகுதி பகுதியாக அச்சேறின. தோடர் பாடல்கள் 1971-இல் வந்தன. தோடர் மொழியின் இலக்கணம் 1984-இல்தான் வெளியானது. அப்போது எமனோவுக்கு எண்பது வயது. பெர்க்லிப் பல்கலைக்கழக வேலையிலிருந்து ஓய்வு பெற்றே பதின்மூன்று வருஷம் ஓடியிருந்தது. கேட்டு முடித்ததற்கும் இலக்கணம் கைக்கு வந்ததற்கும் நடுவில் நாற்பத்தாறு ஆண்டுகள்.

இதை இன்றைய கணக்கில் போட்டுப் பார்ப்போம். நம் பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. 2018-இல் அதைத் திருத்தியது. திருத்திய அட்டவணைப்படி மொழி, கலைப் பிரிவுகளில் அங்கீகரிக்கப்பட்ட இதழில் வரும் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 மதிப்பெண். பன்னாட்டுப் பதிப்பகம் வெளியிடும் முழு நூலுக்கு 12. உள்நாட்டுப் பதிப்பகம் என்றால் நூலுக்கும் 10தான். அதாவது, ஒரு மொழிக்கு வாழ்நாளைக் கொடுத்து எழுதிய இலக்கணமும், அதே மொழியின் வேற்றுமை உருபுகளைப் பற்றிய பன்னிரண்டு பக்கக் கட்டுரையும் அதிகம் போனால் இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் நிற்கின்றன. டாக்டர் பட்டத்தோடு வேலையில் சேர்ந்த உதவிப் பேராசிரியர் நாலு வருஷத்தில் அடுத்த படிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த நாலு வருஷத்தில் எவரும் இலக்கணத்தில் கைவைக்க மாட்டார். வைத்தால், அவருடைய துறைத்தலைவரே கூப்பிட்டுப் புத்தி சொல்வார்.

மொழியியல் பேராசிரியரின் வாழ்க்கையில் எது மாறியது என்று கேட்டால் எல்லாரும் கணினியைத்தான் முதலில் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாறியது அவகாசம். இன்னொன்றும் மாறியிருக்கிறது: வேலை துறையை விட்டு வெளியே போய்விட்டது. கணினி இந்த இரண்டுக்கும் துணைபோனது, அவ்வளவுதான்.

இந்தியாவில் மொழியியல் பேராசிரியர் என்ற உத்தியோகமே 1950-களின் நடுவில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். அதற்கு முன்பும் ஆட்கள் உண்டு. கல்கத்தாவில் சுனீதி குமார் சட்டர்ஜி இருந்தார். வங்க மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய அவருடைய பெருநூல் 1926-இல் வந்துவிட்டது. பக்கத்து இலங்கையில் க. கணபதிப்பிள்ளை லண்டனுக்குப் போய்க் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து 1930-களில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். ஆனால் இவர்கள் தனிமரங்கள். தோப்பு வைத்தது புனேயின் டெக்கான் கல்லூரி. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் அங்கே கோடைப்பள்ளிகள் தொடங்கின. எஸ். எம். காத்ரே முன்னின்று நடத்த, வில்லியம் பிரைட், ஜான் கம்பர்ஸ் போன்ற இளம் அமெரிக்கர்கள் வந்து சேர்ந்தார்கள். வேட்டி கட்டிய தமிழ் விரிவுரையாளரும் பஞ்சகச்சம் கட்டிய சமஸ்கிருத பண்டிதரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒலியன், உருபன் என்று கற்றுக்கொண்டார்கள். ஊர் திரும்பியபோது பலருக்குத் தொழிலே மாறியிருந்தது.

காலமும் கைகொடுத்தது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. ஆட்சிமொழி, பாடநூல், அகராதி, கலைச்சொல் என்று அரசுகளுக்குத் திடீரென்று மொழி தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிப் பெயர்களைப் பட்டியலிட்டுவிட்டுத் திகைத்து நின்றது. 1969-இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் திறக்கப்பட்டது. மொழியியல் படித்தவனுக்கு வேலை தேடி வந்த காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. இன்றைய மாணவரிடம் சொன்னால் சிரிப்பார்.

அந்தத் தலைமுறையில் மூன்று பேரைப் பார்த்தால் போதும், பதவியின் உயரம் தெரிந்துவிடும். தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் சட்டம் படித்து வக்கீலாக இருந்து தமிழுக்கு வந்தவர். சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், அவர் கையில் மொழியியல் வேர்பிடித்தது. 1960-களில் அந்தத் துறை மானியக் குழுவின் உயராய்வு மையமாயிற்று. வடசேரிக்காரரான வ. அய். சுப்பிரமணியம் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1957-இல் அவர் டாக்டர் பட்டம் வாங்கியது சங்க இலக்கியத்துக்காக அல்ல, தம் நாஞ்சில் நாட்டுப் பேச்சுத் தமிழுக்காக. வாத்தியார் கொச்சை என்று தலையில் குட்டிய பேச்சு, கடல் கடந்துபோய் ஆய்வேடாகிவிட்டது. 1963-இல் திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறையை அவர்தான் எழுப்பினார். மூன்றாமவர் ஓங்கோலில் பிறந்த பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. அவரும் 1957-இல்தான் பென்சில்வேனியாவில் பட்டம் வாங்கினார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் 1962-இல் துறையைத் தொடங்கினார். அதே காலத்தில் ஆந்திர மாவட்டங்களில் உழவர்கள் ஏருக்கும் நுகத்துக்கும் நாற்றுக்கும் சொல்லும் சொற்களைத் திரட்டித் தெலுங்கில் தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார்.

மூவரும் துணைவேந்தர்களானார்கள். தெ.பொ.மீ. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தர், வ.அய்.சு. 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தர். கிருஷ்ணமூர்த்தி 1986 முதல் 1993 வரை ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில். தஞ்சை நாற்காலியில் பின்னால் ச. அகத்தியலிங்கமும் உட்கார்ந்தார். அவரும் மொழியியலாளரே. மொழியியல் தெரிந்தவர் ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்தத் தக்கவர் என்று அரசாங்கங்கள் நம்பிய காலம் அது.

மரியாதை இருந்தது என்றால் வசை இல்லை என்று அர்த்தமில்லை. தமிழ்ப் பண்டிதர்களுக்கு இவர்கள்மேல் தீராத சந்தேகம். பேச்சு வழக்கை ஆராய்வது தமிழைக் கெடுப்பதற்கான சதி என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். அந்த அணியைச் சேர்ந்த தேவநேயப் பாவாணர் 1956 முதல் 1961 வரை அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார், மனக்கசப்போடுதான் வெளியேறினார். சொற்பிறப்பியல் அகரமுதலி என்ற அவர் கனவுக்குத் தமிழக அரசு 1974-இல் தனித் திட்டமே வகுத்துக் கொடுத்தது. இரு தரப்பும் ஒருவரையொருவர் படித்துக்கொண்ட அளவுக்கு மதித்துக்கொள்ளவில்லை. அதில் மொழியியலாளர்களின் பங்கும் உண்டு: தமிழைப் பற்றித் தமிழில் எழுதுவதை அவர்கள் பெரும்பாலும் இரண்டாம்தர வேலையாகவே வைத்திருந்தார்கள். முத்துச்சண்முகனின் ‘இக்கால மொழியியல்’ மாதிரி நூல்கள் விதிவிலக்கு.

அன்றைய வேலை எப்படி நடந்தது என்பதற்கு ஓர் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். உள்ளங்கையளவு அட்டை. இடது மேல் மூலையில் சொல், ஒலிக்குறிகளில். சாதாரண எழுத்து உதவாது. வலப்பக்கம் பொருள். கீழே அந்தச் சொல் வரும் வாக்கியம், பேசியவர் சொன்னபடியே. அடியில் பேசியவரின் பெயரின் முதலெழுத்து, வயது, ஊர், தேதி, நோட்டின் பக்க எண். மையில் எழுதியிருப்பது முதல் நாள் கேட்டது. பென்சிலில் இருப்பது மறுபடி போய்ச் சரிபார்த்தது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. ஓர் ஆய்வேட்டுக்கு ஆயிரக்கணக்கில். செருப்புப் பெட்டியில் அகரவரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைப்பார்கள். பின்னொட்டுகளின்படி பார்க்க வேண்டுமா, முழுப் பெட்டியையும் தரையில் கொட்டி மறுபடி அடுக்க வேண்டும். மனைவி மக்கள் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது; மின்விசிறி போட முடியாது. இப்படி நாலைந்து தடவை அடுக்குவதற்குள் ஆய்வாளருக்கு ஒவ்வொரு அட்டையும் மனப்பாடம் ஆகிவிடும். இந்த மனப்பாடத்தைத்தான் அவர்கள் ‘உள்ளுணர்வு’ என்று சொல்லிக்கொண்டார்கள் என்பது என் ஊகம்.

பிறகு ஸ்பூல் டேப் ரிக்கார்டர் வந்தது. டார்ச் செல்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு மலையேற வேண்டும். செல் தீர்ந்தால் மொழியும் தீர்ந்தது. நாடா விலை அதிகம் என்பதால் ஒரு பேட்டியை எழுதியெடுத்தபின் அதன்மேலேயே அடுத்ததைப் பதிவு செய்தவர்கள் உண்டு. அந்தக் குரல்கள் எங்கும் இல்லை. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்பவரும் ஒலிக்குறிகள் வரும் இடமெல்லாம் வெற்றிடம் விட்டுவிடுவார். ஒவ்வொரு கார்பன் படியிலும் அதே இடத்தில் ஆய்வாளர் கையால் நிரப்பிக்கொண்டு போவார். பழைய ஆய்வேட்டைத் திறந்தால் மூன்றாவது படியில் மூச்சு வாங்கியிருப்பது எழுத்திலேயே தெரியும்.

சொல் திரட்டுவதற்குக் கையில் ஒரு பட்டியல் இருக்கும். மொரிஸ் ஸ்வாதேஷ் என்ற அமெரிக்கர் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவென்று தொகுத்தது. கை, கால், கண், நீர், நெருப்பு என்று ஒழுங்காகப் போகும். நடுவில் பனிக்கட்டி என்று வந்து நிற்கும். சமவெளிக் காட்டு ஊர் ஒன்றில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் இதை எப்படிக் கேட்பது? ஐஸ் வண்டிக்காரனிடம் போய்க் கேள் என்பார். பட்டியல் எங்கே தயாரானது என்பதும் அதில் ஒட்டிக்கொண்டுதான் வரும். அன்றைய ஆய்வேடுகளும் அப்படித்தான்: அமெரிக்கப் பாடநூலின் அத்தியாய வரிசையே ஆய்வேட்டின் அத்தியாய வரிசை. ஒலியனியல், உருபனியல், தொடரியல் சிறிது, பின்னிணைப்பாகச் சொற்பட்டியல். அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கியின் நூல்கள் வந்தபிறகு தலைப்பில் ‘மாற்றிலக்கணம்’ சேர்ந்தது. உள்ளே பல சமயம் பழைய சரக்கே இருந்தது.

பழைய காலத்தைப் பற்றிய ஏக்கம் எனக்கு அளவோடுதான் இருக்கிறது. அந்த அவகாசம் எல்லாருக்கும் கிடைத்ததில்லை. வெளிநாட்டு உதவித்தொகை கிடைத்த ஆண்களுக்குக் கிடைத்தது. அவகாசத்தை வைத்துக்கொண்டு எமனோ இலக்கணம் எழுதினார் என்றால், அதே அவகாசத்தில் ஒன்றுமே எழுதாமல் ஓய்வு பெற்றவர்களும் இருந்தார்கள், கேட்பாரில்லை. நெறியாளரின் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறினால்தான் ஆய்வேடு நகரும் என்ற நிலையும் இருந்தது. மொழியைக் கொடுத்தவர்களின் கதை இன்னும் மோசம். அவர்களுக்கு ஆய்வேட்டில் ‘தகவலாளி’ என்று பெயர். கோத்தர் கதைகளைச் சொன்ன சுல்லியைப்போலப் பெயரோடு நினைக்கப்படுபவர்கள் மிகக் குறைவு. நூல் ஆங்கிலத்தில் வரும், நூலகத்துக்குப் போகும், பேசியவரின் ஊருக்கு ஒரு படி போகாது. போனாலும் படிக்க முடியாது.

இனி இன்றைக்கு வருவோம். ஆசிரியராவதற்கான வாசல் நெட் தேர்வு. 1989-இல் தொடங்கியது, 2018 முதல் கணினியில் நடக்கிறது. மூன்று மணி நேரம், இரண்டு தாள், 150 கேள்விகள், எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. இந்தத் தேர்வில் ஒரு வாய்கூட எதையும் உச்சரிக்காது. ஒரு காதுகூட எதையும் கேட்காது. நன்றாகக் கேட்கத் தெரிந்தவரும் இதில் தேறலாம், தேறாமலும் போகலாம். தேறினாலும் நிரந்தர இடம் எளிதில்லை. ஓய்வு பெற்றவரின் இடம் காலியாகவே கிடக்கும். அந்தப் பாடத்தை மாதச் சம்பளத்துக்குப் பதில் தொகுப்பூதியத்தில் ஒரு கௌரவ விரிவுரையாளர் எடுப்பார். கோடை விடுமுறைக்கு அவருக்கு ஊதியம் இருக்குமா என்பதே வருஷா வருஷம் கேள்வி. களப்பணிக்கு ஏற்ற மாதங்கள் அவைதான்.

நிரந்தரமானவரின் மேஜையில் அட்டைப் பெட்டி இல்லை, கோப்புகள் இருக்கின்றன. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவின் வருகைக்கான கோப்பு, உள்தர உறுதிக் குழுவின் கோப்பு, பாடத்திட்ட விளைவு அட்டவணை, மாணவர் கருத்துப் படிவம், கருத்தரங்கப் புகைப்படம், அந்தப் புகைப்படத்தில் இடமும் தேதியும் தெரிகிறதா என்ற சரிபார்ப்பு. திங்கட்கிழமை வகுப்பில் உருபன் நடத்துகிறவர் செவ்வாய்க்கிழமை முழுக்க அதைப் பற்றிய சான்று தயாரிக்கிறார். வகுப்பில் ஆறேழு பேர். பாதிக்கு மேல் பெண்கள். இது அன்றில்லாத நல்ல மாற்றம். பேராசிரியர்களிலும் பெண்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அன்விதா அப்பி அந்தமானுக்குப் போய், பேசுவோர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்ட பெரிய அந்தமானிய மொழியைப் பதிவு செய்தார். அதில் ‘போ’ மொழியின் கடைசிக் குரலான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தபோது அவரது பெயர் உலகச் செய்தியானது. தகவலாளிக்குப் பெயர் வந்துவிட்டது.

கருவிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவை வந்தபிறகு பேராசிரியர் சொன்னதே வேதம் என்ற நிலை போயிற்று. ஆம்ஸ்டர்டாமில் உருவான ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளை எந்த மாணவரும் தம் மடிக்கணினியில் போட்டுக்கொள்ளலாம். ‘பழம்’ என்று கைபேசியில் பேசிப் பதிவு செய்து அதில் திறந்தால் ஒலி கறுப்புப் பட்டைகளாக விரியும். ழகரம் வரும் இடத்தில் கீழிருந்து மூன்றாவது பட்டை சட்டென்று தாழ்ந்து இரண்டாவதை உரசுகிற மாதிரி போகும். லகரத்துக்கு அப்படித் தாழாது. நான் சரியாகத்தான் சொல்கிறேன் என்று வாதாடும் மாணவரின் ‘பலம்’ திரையில் மாட்டிக்கொள்ளும். ஆசிரியர் திட்ட வேண்டியதே இல்லை.

எமனோவின் காதுக்கும் இந்தச் சோதனை நடந்தது. தோடர் மொழியில் ரகரம் மூன்று வகை என்று அவர் 1930-களில் கேட்டு எழுதியிருந்தார். நாக்கு ஆடும் இடம் மூன்றுக்கும் வேறு. ஒரே மொழியில் மூன்று ஆடொலியா என்று யாரும் கேட்கலாம். பீட்டர் லேடிஃபோகெட், பேரி பாஸ்கரராவ், சினிஷா ஸ்பாயிச் மூவரும் தோடரிடம் கருவியோடு போய், நாக்கு அண்ணத்தைத் தொடும் தடத்தைப் பதிவெடுத்து, 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றும் உண்மை, மூன்றுக்கும் அண்ணச் சாயலேறிய இணையொலியும் உண்டு. பென்சில்காரர் ஜெயித்தார். ஆனால் அவர் ஜெயித்தார் என்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவது கருவியால்தான்.

எண்ணிக்கையிலும் இதே கதை. கணினியை மொழியியலுக்குள் கொண்டுவந்தது இளைஞர்கள் என்று நினைத்தால் தவறு. கிருஷ்ணமூர்த்தி 1983-லேயே லிங்கன் மோசஸ் என்ற புள்ளியியலாளரோடும் டக்ளஸ் டேன்ஃபோர்த்தோடும் சேர்ந்து கோண்டி, கோண்டா, குயி, குவி, பெங்கோ, மண்டா ஆகிய ஆறு மொழிகளின் உறவைக் கணினி வைத்துக் கணக்கிட்டார். ஆறு மொழிகளை இரண்டிரண்டாகக் கிளைத்துக் குடும்ப மரம் வரைய 945 வழி உண்டு. அத்தனையையும் 63 சொற்களை வைத்துச் சோதித்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். கையால் முடியாததைக் கணினி முடித்தது. ஆனால் அந்த 63 சொற்களில் ஒவ்வொன்றின் கதையும் கிருஷ்ணமூர்த்திக்குத் தெரியும். கோண்டா மொழிக்கு 1969-இல் இலக்கணம் எழுதியவரே அவர்தான்.

2018-இல் இருபது திராவிட மொழிகளை வைத்து இன்னொரு மரம் வரைந்தார்கள். இருபது மொழிகளுக்கு எத்தனை மரம் சாத்தியம் என்று பார்த்தால் எட்டு போட்டு அதன்பின் இருபத்தோரு இலக்கம் எழுத வேண்டும். எந்தக் கணினியும் அத்தனையையும் பார்க்காது. நிகழ்தகவை வைத்து மாதிரி எடுத்துத் தேடும். திராவிடக் குடும்பம் சுமார் 4,500 ஆண்டு பழையது என்று வந்தது. முதல் ஆசிரியர் விஷ்ணுபிரியா கோலிபாகம் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்தவர். உயிரினங்களின் பரிணாமத்துக்கு வைத்திருக்கும் அதே கணக்குமுறை மொழிக்கும் வந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நல்ல ஆய்வு. ஆனால் திராவிட மொழிகளின் வயதைப் பற்றி உலகம் பேசும்போது எடுத்துக்காட்டும் கட்டுரை ஒரு மொழியியல் துறையின் அறையில் பிறக்கவில்லை என்பது அன்று நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

இப்படி வெளியே போன வேலைகளை எண்ணிப் பார்த்தால் பட்டியல் நீளும். தற்காலத் தமிழுக்கு 1992-இல் அகராதி கொண்டுவந்தது எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. க்ரியா என்ற சிறு பதிப்பகம். மொழியியலாளர் இ. அண்ணாமலையின் அறிவு அதன் பின்னால் இருந்தது, ஆனால் வீடு வேறு. ஆங்கிலேயர் ஆட்சியில் கிரியர்சன் நடத்திய மொழி ஆய்வுக்குப் பிறகு நாடு முழுவதும் மொழிகளை அளக்க வேண்டும் என்று கிளம்பி 780 மொழிகளைப் பதிவு செய்தது பரோடாவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த கணேஷ் தேவியின் மக்கள் மொழி ஆய்வு. பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளின் பெயரையே 1971 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியிடுவதில்லை. அந்தச் சிறுமொழிகளுக்காக மைசூர் நிறுவனம் 2013-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் ஒப்பந்தத்தில் சேர்ந்த இளம் ஆய்வாளர்கள்தான் இன்று மலைக்குப் போகிறார்கள். துறைப் பேராசிரியர்கள் அவர்களுடைய அறிக்கைக்கு நிபுணர் குழுவில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள்.

சில வேலைகளை வெளியே எடுத்துப் போகவும் ஆளில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் தாமஸ் பரோவும் பெர்க்லியில் எமனோவும் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை 1961-இல் கொண்டுவந்தார்கள். திருத்திய இரண்டாம் பதிப்பு 1984-இல் வந்தது. 5,500-க்கும் மேற்பட்ட பதிவுகள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் புண்ணியத்தில் அதை இன்று யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். தேடிப் பார்க்கிற எல்லாருமே அதன் குறைகளைப் பட்டியல் போடுகிறார்கள்: கல்வெட்டுச் சொல் போதாது, வட்டார வழக்கு போதாது, அதற்குப்பின் பதிவான சிறுமொழிகள் இல்லவே இல்லை. நாற்பது வருஷமாக மூன்றாம் பதிப்பு வரவில்லை. இரண்டு பேர் இருபது வருஷம் உட்கார வேண்டிய வேலை அது. அதற்கு நடுவில் இரண்டு பேருக்கும் எத்தனை பணி மேம்பாட்டு நேர்காணல் வரும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

மாணவர்கள் கெட்டிக்காரர்கள், அவர்கள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள், மொழிபெயர்க்கும் மென்பொருள் என்று நிறுவனங்கள் பெருகிவிட்டன. ஒன்றிய அரசு 2022-இல் பாஷிணி திட்டத்தைத் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி.யில் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்குத் தரவு திரட்டுகிறது. இவற்றுக்கெல்லாம் பேச்சைக் கேட்டு எழுதவும், எழுதியதை அடையாளமிடவும் ஆள் வேண்டும். முதுகலை மொழியியல் முடித்த பெண் ஒருத்தி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருநாள் முழுக்க வெவ்வேறு மாவட்டத்துக் குரல்களைக் கேட்கிறாள். அவளுடைய பேராசிரியர் வாழ்நாள் முழுக்கக் கேட்டிராத அளவு தமிழை ஒரே வருஷத்தில் கேட்டுவிடுவாள். ஆனால் பேசியவர் யார் என்று தெரியாது. பதிவு நாலைந்து விநாடித் துண்டுகளாக வரும். மறுபடி போய்க் கேட்க முடியாது.

ஒரு துண்டில் மதுரைப் பக்கத்துப் பெரியவர், “அவரு வந்துக்கிட்டிருக்காரு” என்கிறார். இதை எப்படி எழுதுவது? கேட்டபடியே ‘வந்துக்கிட்டிருக்காரு’ என்றா, ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்றா? இன்னொருவர் “வந்துட்ருக்காரு” என்கிறார். அது தனிச் சொல்லா, அதே சொல்லின் வேறு ஒலிப்பா? கேட்டபடி எழுதினால் ஒரே வினைக்கு இருபது எழுத்து வடிவம் சேர்ந்து இயந்திரம் திணறும். எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் மதுரைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஒரே குரலாகிவிடுவார்கள். அறுபது வருஷத்துக்கு முன்பு சிதம்பரத்தில் பண்டிதர்களும் மொழியியலாளர்களும் முட்டிக்கொண்ட அதே விவகாரம், இப்போது சோழிங்கநல்லூரில் குளிரூட்டிய அறையில் காலை பத்து மணிக் கூட்டத்தில் நடக்கிறது. மேடையில்லை, கைதட்டல் இல்லை. கேட்டபடி எழுதுவது, ஆனால் விகுதியை மட்டும் இரண்டு வடிவங்களுக்குள் அடக்குவது என்று அவள் ஒரு விதி எழுதித் தருகிறாள். நாற்பது பக்கத்துக்கு இப்படி விதிகள். பேச்சுத் தமிழின் இலக்கணம் என்றே அதைச் சொல்லலாம்.

பழைய பேராசிரியருக்கு இது காதில் விழுகிறது. போன் போட்டு, “அம்மா, அந்த விதியெல்லாம் எனக்கு ஒரு காப்பி அனுப்பேன், வகுப்புல பிள்ளைகளுக்குக் காட்டலாம்” என்கிறார்.

“ஐயா, அனுப்பக் கூடாதுங்க. சேரும்போதே கையெழுத்து வாங்கிட்டாங்க” என்கிறாள் அவள்.